கிறிஸ்தவ விசுவாசமும் அக்னாஸ்டிக் சந்தேகமும்: எங்கே பிரிகிறார்கள்?

கடவுள் பேச்சு வந்தாலே நம்மில் பலர் மனதில் ஒரு அளவுகோல் வந்து நிற்கும். ஒரு முனையில் ‘இருக்கிறார், சந்தேகமே இல்லை’ என்கிற விசுவாசி, எதிர் முனையில் ‘இல்லவே இல்லை’ என்கிற நாத்திகர், நடுவில் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கிற அக்னாஸ்டிக். (அறியவியலாமை, அறியொணாவாதம் என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். பேசும்போது அக்னாஸ்டிக் என்றே சொல்கிறோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.) இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு யோசித்தால் இரண்டு தரப்பையுமே தப்பாகத்தான் புரிந்துகொள்வோம். இரண்டு பேரும் கேட்டுக்கொள்கிற கேள்வியே வேறு வேறு. ‘யாரை நம்பி வாழ்வது’ என்பது விசுவாசியின் கேள்வி. ‘எதைத் தெரியும் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது’ என்பது அக்னாஸ்டிக்கின் கேள்வி. இது பிடிபட்டால் மற்றதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

முதலில் விசுவாசம். கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வதுதான் கிறிஸ்தவ விசுவாசம் என்று வெளியில் இருப்பவர்கள் மட்டுமில்லை, உள்ளே இருக்கிற பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பைபிளே இதைப் போதாது என்று சொல்கிறது. யாக்கோபு எழுதிய நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் கொஞ்சம் காரமாகவே வரும்: தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், நல்லதுதான், ‘பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன’. அதாவது கடவுள் இருக்கிறார் என்பது பிசாசுக்கும் தெரிந்த விஷயம், அது தெரிந்ததால் பிசாசு கிறிஸ்தவன் ஆகிவிடாது. 1563இல் ஜெர்மனியில் வெளிவந்த ஹைடல்பர்க் ஞானோபதேசம் என்கிற கேள்வி பதில் நூலில் உண்மையான விசுவாசம் என்றால் என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே கொடுத்திருக்கிற பதிலில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, கடவுள் வெளிப்படுத்தியதை உண்மை என்று ஏற்கிற அறிவு. இன்னொன்று, அது எனக்கும்தான் என்று மனசார ஒப்புக்கொடுக்கிற நம்பிக்கை. இந்த இரண்டாவது பகுதிதான் ஒருவரை அதிகாலையில் எழுப்பி ஜெபிக்க வைக்கிறது, எதிரியை மன்னிக்கச் சொல்லி நச்சரிக்கிறது.

இன்னொரு விஷயம். கிறிஸ்தவ விசுவாசம் பொதுவாக ‘மேலே ஒரு சக்தி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிற ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்று ஆரம்பிக்கிற அந்தச் சின்ன பிரமாணத்துக்குள் திடீரென்று ஒரு ரோம அதிகாரியின் பெயர் வரும்: பொந்தியு பிலாத்து. ஏறக்குறைய கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை நிர்வாகம் செய்த ஆள். இயேசுவுக்கு மரண தண்டனை கொடுத்த ஒரு கவர்னரின் பெயரை உலகமெங்கும் வாராவாரம் கோடிக்கணக்கான பேர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இயேசு சிலுவையில் இறந்ததும் மறுபடி எழுந்ததும் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட ஆட்சியில், ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு நடந்தது என்று கிறிஸ்தவம் சொல்கிறது. நடக்கவில்லை என்றால் எல்லாமே போச்சு. இதை ஆரம்பகாலக் கிறிஸ்தவப் போதகரான பவுல் மழுப்பாமல் எழுதினார், கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு அவர் எழுதிய 1 கொரிந்தியர் 15இல்: ‘கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்.’ எத்தனை மதங்கள் இப்படித் தன் கழுத்தைத் தானே நீட்டிக்கொண்டு நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். எனக்குக் கிறிஸ்தவத்தில் மிகவும் மரியாதை வரவைத்த வரி இதுதான். (அந்த அதிகாரத்தை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தையின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மறுபடி வரும்.)

சரி, இப்போது அக்னாஸ்டிக். இந்தப் பெயரை உருவாக்கியவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, இங்கிலாந்து உயிரியல் அறிஞர், டார்வினுக்காக மேடையேறிச் சண்டை போட்டவர். 1869இல் லண்டனில் மெட்டாஃபிசிக்கல் சொசைட்டி என்று ஒரு விவாதக் குழு தொடங்கியது. கத்தோலிக்கப் பேராயர் மானிங், கவிஞர் டென்னிசன், அரசியல்வாதி கிளாட்ஸ்டன் என்று பெரிய பெரிய தலைகள் அதில் உறுப்பினர்கள். அங்கே வந்த ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு கொள்கைப் பெயர் இருந்தது, தனக்கு மட்டும் எதுவும் இல்லை, அதனால் ஒன்றை உண்டாக்கிக்கொண்டேன் என்று பிற்பாடு அவரே எழுதினார். அவர் கருத்து என்னவென்றால், அக்னாஸ்டிக் என்பது ஒரு மதக் கொள்கை கிடையாது, அது ஒரு வழிமுறை. ஒரு விஷயம் உறுதி என்று சொல்ல வேண்டுமானால் அந்த உறுதிக்கு ஏற்ற ஆதாரத்தைக் காட்ட வேண்டும், காட்ட முடியாமல் உறுதி என்று சொல்வது தவறு. கவனியுங்கள், அவர் இதை ஒரு புத்திசாலித்தனமான யோசனையாகச் சொல்லவில்லை, ஒழுக்கம் பற்றிய விதியாகச் சொன்னார். தெரியாததைத் தெரியும் என்று சொல்வது அவரைப் பொறுத்தவரை பொய் சொல்வதற்குச் சமம்.

இந்த விதி இரண்டு பக்கமும் வெட்டும். கடவுள் இருக்கிறார் என்று அடித்துச் சொல்கிறவரையும் கேட்கும், இல்லை என்று அடித்துச் சொல்கிறவரையும் கேட்கும். அதனால் ‘அக்னாஸ்டிக் என்பவர் தைரியமில்லாத நாத்திகர்’ என்று நம் ஊர் விவாதங்களில் வருகிற கிண்டல் சரியில்லை. ஆனால் அதில் கொஞ்சம் உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1947இல் இதைப் பற்றி நேர்மையாக எழுதினார்: தத்துவம் படித்தவர்கள் முன்னால் பேசினால் என்னை அக்னாஸ்டிக் என்பேன், ஏனென்றால் கடவுள் இல்லை என்று முடிவாக நிரூபிக்க வழியில்லை, தெருவில் போகிற சாதாரண மனிதரிடம் பேசினால் நாத்திகர் என்றே சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் பழைய கிரேக்கத் தெய்வங்கள் இல்லை என்பதையும்தான் என்னால் நிரூபிக்க முடியாது, அதற்காக அவை இருக்கலாம் என்று யாரும் தயங்கி நிற்பதில்லை. ஆக அக்னாஸ்டிக்குகளிலும் பல ரகம். ‘எனக்கு இதுவரை தெரியவில்லை’ என்கிறவர் ஒரு ரகம், அவர் தேடிக்கொண்டிருக்கலாம். ‘எனக்கு மட்டுமில்லை, மனித புத்திக்கே இது எட்டாது’ என்கிறவர் வேறு ரகம். இந்த இரண்டாமவரோடுதான் கத்தோலிக்கத் திருச்சபைக்கு நேரடி மோதல்: 1870இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம், படைக்கப்பட்டவற்றைக் கொண்டு கடவுளை மனித அறிவால் உறுதியாக அறிய முடியும் என்றே அறிவித்தது.

இப்போது அந்தக் குழந்தை. கொள்கைகளை விடவும் இரண்டு மனிதர்களை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

1860 செப்டம்பர். ஜூன் மாதம்தான் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸோடு பரிணாமம் பற்றி ஹக்ஸ்லி மோதியிருந்தார், ஊரெல்லாம் அதே பேச்சு. செப்டம்பர் 15ஆம் தேதி அவருடைய மூத்த மகன் நோயல் ஸ்கார்லட் காய்ச்சலில் இறந்துபோனான். இன்னும் நான்கு வயது நிறையவில்லை. செய்தி கேட்டு ஆறுதல் சொல்லி எழுதியவர்களில் ஒருவர் சார்ல்ஸ் கிங்ஸ்லி, ஆங்கிலிகன் பாதிரியார், நாவலாசிரியர். இந்த கிங்ஸ்லியைப் பழமைவாதி என்று நினைத்துவிட வேண்டாம். டார்வின் தன் புத்தகம் வெளியாகும் முன்பே பிரதி அனுப்பிய சிலரில் இவரும் ஒருவர், படித்துவிட்டு, தானாகவே வளர்ந்து மாறக்கூடிய உயிர்களைக் கடவுள் படைத்தார் என்று நினைப்பதும் உயர்ந்த எண்ணம்தான் என்று எழுதியவர். விசுவாசம் என்றால் அறிவியலுக்குப் பகை என்கிற எளிய கணக்கு இவரிடம் செல்லாது.

கிங்ஸ்லிக்கு ஹக்ஸ்லி 23ஆம் தேதி பதில் எழுதினார். மகன் இறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நீளமான கடிதம், அதில் ஒரு இடத்தை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். சவப்பெட்டிக்குப் பின்னால் நிற்கிறார், விவாதம் பண்ணுகிற மனநிலையில் இல்லை. அடக்க ஆராதனை நடத்துகிற பாதிரியார் வழக்கப்படி 1 கொரிந்தியர் 15ஐ வாசிக்கிறார். மரித்தோர் உயிர்த்தெழுவதில்லை என்றால் சாப்பிடுவோம், குடிப்போம், நாளைக்குச் சாகப்போகிறோமே என்கிற வரி வருகிறது. அந்த வார்த்தைகள் என்னை எவ்வளவு அதிரவைத்தன என்று சொல்ல முடியாது என்கிறார் ஹக்ஸ்லி. பவுலுக்கு மனைவி மக்கள் கிடையாது, இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். ஈடு செய்ய முடியாத ஒன்றை இழந்து நிற்கிறேன் என்பதற்காக நான் மனிதத் தன்மையை விட்டுவிட்டு மிருகமாகப் புரள வேண்டுமா? குரங்குகூடத் தன் குட்டியைச் சுட்டுவிட்டால் துக்கப்படுகிறது, உடனே விருந்துக்கு ஓடுவதில்லை.

அப்புறம் அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார். மனிதனுக்கு மரணத்துக்குப் பின் வாழ்வு உண்டு என்பதை நான் மறுக்கவும் இல்லை, உறுதி சொல்லவும் இல்லை. நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை, தப்பென்று நிரூபிக்கவும் என்னிடம் வழியில்லை. ஆசையாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை உண்மை என்று ஏற்க முடியாது, ஆசை அதிகமாக இருக்கும்போதுதான் இன்னும் கடுமையாக ஆதாரம் கேட்க வேண்டும். அக்னாஸ்டிக் என்கிற பெயர் பிறக்க இன்னும் ஒன்பது வருடம் இருந்தது, ஆனால் அதன் உள்ளடக்கம் முழுக்க இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ‘தெரியாது’ என்பது சோம்பேறியின் பதில் என்று யாராவது சொன்னால் இந்தக் கடிதத்தை நீட்டுங்கள். மகனை மறுபடி பார்ப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும், அந்த நேரத்திலும் அதைச் சொல்லிக்கொள்ள மறுத்த ஒரு தகப்பன் எழுதியது அது.

அதே சமயம், பவுல் சொன்னது ஹக்ஸ்லி காதில் விழுந்த மாதிரி மட்டும்தான் இருக்க வேண்டுமா? உயிர்த்தெழுதல் இல்லை என்றால் அன்பு காட்டுவதில் அர்த்தமில்லை என்று பவுல் சொல்ல வரவில்லை என்று நான் படிக்கிறேன். கொரிந்துவில் சிலர் மரித்தோர் எழுவதில்லை என்று சொல்லிக்கொண்டே கிறிஸ்தவர்களாகவும் இருந்தார்கள். அவர்களிடம், எபேசுவில் நான் உயிரைப் பணயம் வைத்தது எதற்காக என்று கேட்கிறார். நடந்ததாக நம்புகிற ஒன்றின்மேல் முழு வாழ்க்கையையும் வைத்துவிட்ட மனிதரின் பேச்சு அது. ஒரே வரியை ஒருவர் சாட்சியாகச் சொல்கிறார், இன்னொருவர் அவமதிப்பாகக் கேட்கிறார். நடுவே இருக்கிற தூரம்தான் நம் தலைப்பு.

சந்தேகம் அக்னாஸ்டிக்குகளின் தனிச் சொத்தா? இல்லவே இல்லை. விசுவாசிகள் சந்தேகப்படுவதே இல்லை என்பது மேடைப் பிரசங்கங்கள் உண்டாக்கிய பிம்பம். மாற்கு 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவருகிற தகப்பன் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான்: ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.’ இயேசு அவனைத் திட்டி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007இல் வெளிவந்தபோது நிறையப் பேர் திகைத்துப்போனார்கள். கல்கத்தாவில் பணி தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் கடவுளின் இருப்பை உணர முடியாத ஒரு இருட்டில் அவர் இருந்திருக்கிறார். சிலர் உடனே, பார்த்தீர்களா அவரே நாத்திகர்தான் என்றார்கள். அது அவசர முடிவு. அந்த இருட்டைப் பற்றி அவர் புலம்பியது யாரிடம்? இயேசுவிடமே எழுதினார். உணர்வு போய்விட்டது, ஆனால் ஒப்புக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. விசுவாசத்தை உறுதியின் சதவிகிதமாக அளந்தால் அன்னை தெரசாவைப் புரிந்துகொள்ளவே முடியாது.

தோமாவை எடுத்துக்கொள்வோம், இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவர், சந்தேகத்துக்கே அடையாளமாகிப்போனவர். பரங்கிமலைக்கும் சாந்தோமுக்கும் போயிருப்பவர்களுக்கு இவர் அந்நியர் இல்லை, கி.பி. 52இல் கேரளக் கரையில் வந்திறங்கி மயிலாப்பூர்ப் பக்கம் உயிர்விட்டார் என்பது நம் பகுதிக் கிறிஸ்தவர்களின் தொன்மையான மரபு. யோவான் 20இல், மற்ற சீஷர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்று சொல்லும்போது தோமா ஒத்துக்கொள்ளவில்லை. ஆணிக் காயத்தில் விரலை இட்டு, விலாவில் கையைப் போட்டாலொழிய விசுவாசிக்க மாட்டேன் என்கிறார். ஹக்ஸ்லி கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான், ஆதாரம். ஆனால் ஒரு சின்ன விவரம் பாருங்கள். எட்டு நாள் கழித்து இயேசு வரும்போது தோமா எங்கே இருக்கிறார்? அதே வீட்டுக்குள், அதே ஆட்களோடு. நம்பவில்லை, கிளம்பியும் போகவில்லை. இதைத்தான் உள்ளிருந்து வரும் சந்தேகம் என்பேன்.

இங்கே அக்னாஸ்டிக் ஒருவர் நியாயமாக ஒரு கேள்வி கேட்பார். தோமாவுக்குக் காயத்தைக் காட்டினார்கள், சரி. எனக்கு? தோமா பார்த்தார் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, அவ்வளவுதானே? ‘காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்’ என்பது பார்த்தவருக்குச் சொன்ன வார்த்தை, பார்க்காத நான் எதை வைத்துத் தீர்மானிப்பது? என் பார்வையில் இரு தரப்பும் உண்மையில் பிரிகிற இடம் இந்தச் சாட்சிக் கேள்விதான். ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் 1748இலேயே இதைத் தெளிவாக வைத்துவிட்டார்: அற்புதம் நடந்தது என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, சொன்னவர் ஏமாந்திருக்க அல்லது ஏமாற்ற வாய்ப்பு அதிகமா என்று எடை போட வேண்டும். ஹக்ஸ்லி 1889இல் இதையே பன்றிகளை வைத்து வாதாடினார். ஹென்றி வேஸ் என்கிற ஆங்கிலிகன் அறிஞர், அக்னாஸ்டிக் என்பது பசப்பான பெயர், இயேசுவை விசுவாசிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று தாக்கியிருந்தார். அதற்குப் பதில் எழுதிய ஹக்ஸ்லி மாற்கு 5ஆம் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டார், பிசாசுகள் புகுந்து ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழுந்து செத்த சம்பவம். இதை எழுதியவர்களின் சாட்சியத்தை இங்கே நம்பத் தயங்குகிறீர்கள் என்றால் வேறு இடத்தில் எப்படி அப்படியே ஏற்கிறீர்கள் என்பதுதான் அவர் வாதம். சண்டை மாதக்கணக்கில் பத்திரிகையில் ஓடியது, கடைசியில் கிளாட்ஸ்டன்கூட உள்ளே வந்தார்.

கிறிஸ்தவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள்? சாட்சியை நம்பாமல் யாரும் வாழ முடியாது என்பார்கள். நம் பிறந்த தேதியே அம்மா அப்பா சொல்லித்தான் தெரியும். கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது சிலுவை மரணம் நடந்து ஏறக்குறைய 25 வருடத்துக்குள், அதில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பேருக்கு இயேசு காட்சியளித்தார், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று எழுதுகிறார், போய்க் கேளுங்கள் என்கிற தொனி அது. பயந்து ஓடிய ஒரு கூட்டம் சில வாரத்தில் உயிர்போனாலும் பரவாயில்லை என்று பேசத் தொடங்கியது எப்படி என்றும் கேட்பார்கள். அக்னாஸ்டிக் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் உறுதி சொல்ல இது போதாது என்பார். அந்த ‘போதாது’ என்ற இடத்தில் நிற்பவர் முட்டாளும் இல்லை, அதைத் தாண்டிப் போகிறவர் கண்மூடியும் இல்லை. எனக்கு வருத்தம் தருவது, நம்மிடையே இந்த விவாதம் இந்த இடம் வரைக்கும் வருவதே அபூர்வம் என்பதுதான். அதற்கு முன்பே ஒருவரை ஒருவர் திட்டிவிட்டு எழுந்துபோய்விடுகிறோம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: முடிவு தெரியும் வரைக்கும் காத்திருக்கலாமா? 1877இல் கிளிஃபோர்டு என்கிற கணித அறிஞர், போதிய ஆதாரமில்லாமல் எதையும் நம்புவது எப்போதும், எங்கும், யாருக்கும் தவறு என்று எழுதினார். 1896இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் மறுத்தார். சில விஷயங்களில் காத்திருப்பதே ஒரு முடிவுதான். இவள் தேவதை என்று முழுக்க நிச்சயமானால்தான் கல்யாணம் பேசுவேன் என்று காலம் முழுவதும் தயங்குகிறவன், பேசவே மாட்டேன் என்று தீர்மானித்தவனைப் போலத்தான் கடைசியில் நிற்பான். ஜேம்ஸ் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபிக்கிறோமா இல்லையா என்பதில் நடுவழி கிடையாது, உடம்பு ஏதாவது ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் ஜேம்ஸின் வாதம் எந்த மதத்துக்கும் பொருந்துமே, பிலாத்துவின் பெயர் வருகிற அந்தக் குறிப்பிட்ட விசுவாசத்துக்கு மட்டும் அது எப்படிக் கொண்டுசேர்க்கும்? அதற்கு மறுபடி சாட்சிக் கேள்விக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

கடைசியாக, பலர் கேட்கிற நடைமுறைக் கேள்வி. வீட்டில் ஒருவர் விசுவாசி, இன்னொருவர் அக்னாஸ்டிக் என்றால்? டார்வின் வீட்டில் இதுதான் நிலைமை. மனைவி எம்மா பக்தியுள்ளவர், கல்யாணமான புதிதிலேயே கணவரின் சந்தேகங்களைப் பற்றிக் கவலைப்பட்டு அவருக்குக் கடிதம் எழுதினார், டார்வின் அதைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தார். 1851இல் அவர்களுடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். 1879இல் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், நான் ஒருபோதும் கடவுளை மறுக்கிற நாத்திகராக இருந்ததில்லை, பெரும்பாலும் அக்னாஸ்டிக் என்பதே என் மனநிலைக்குப் பொருத்தமான பெயர் என்றார் டார்வின். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் அவர்கள் குடியிருந்த டவுன் (Downe) என்கிற கிராமத்துக் கோயிலுக்குப் போகும், அந்த நேரத்தில் அவர் நடக்கப் போய்விடுவார். ஆனால் அந்தக் கோயிலின் தர்ம காரியங்களுக்கு வருடக்கணக்கில் பணம் கொடுத்து உதவினார், அங்கே பாதிரியாராக இருந்த பிராடி இன்னஸ் அவருக்குக் கடைசி வரை நண்பர். ஹக்ஸ்லியும் அப்படித்தான், 1870இல் லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்வானபோது, பள்ளிக்கூடங்களில் மதக் கோட்பாடு சொல்லிக்கொடுக்காமல் பைபிளை வாசிக்க வைக்கலாம் என்று ஆதரவாகப் பேசினார். கிங்ஸ்லியோடு அவருக்கு இருந்த நட்பு அந்தக் கடிதத்தோடு முறிந்துவிடவில்லை, கருத்து வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. இருவரும் தொடர்ந்து எழுதிக்கொண்டார்கள்.